படிவத்தில் வாப்பாவின் பெயர்

மகளுக்கு, வாப்பாவின் ஸலாம்.

போனில் கதைக்க இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், உன் தங்கச்சி இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

நேற்று நான் கடையில் நிற்கும்போது, உன் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பெண் அழைத்தார். எனக்கு ஆங்கிலம் விளங்காததால் தமிழ் தெரிந்த ஒருவரையும் அழைப்பில் சேர்த்தார்.

“ஐயா, மகளுக்குக் குடல்வால் ஒபரேஷன் முடிஞ்சுது. இப்ப சுகமா இருக்கிறா,” என்றார் அந்தத் தமிழ் தெரிந்தவர்.

“ஆஸ்பத்திரிச் செலவ நான் அனுப்பட்டா?”

“தேவையில்ல. மாணவர் காப்புறுதி எல்லாத்தையும் பொறுப்பெடுக்கும்.”

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிறகுதான், “என்ட நம்பர் ஆர் தந்த?” என்று கேட்டேன்.

காப்புறுதிப் படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று என் பெயரை எழுதியிருக்கிறாயாம். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

பக்கத்தில் ஒலுவிலிலேயே கம்பஸ் இருக்க வெளிநாடு எதற்கு என்று கோபித்து, நீ பயணம் போன அன்று நான் வீட்டுக்கே வரவில்லை. இரண்டு வருடமாக உன் அழைப்பை எடுக்கவுமில்லை. அப்படியிருந்தும் என் பெயரைத்தான் எழுதினாய்.

கடையைப் பூட்டிவிட்டு வந்து உம்மாவிடம் சொன்னேன். “அவ உங்களத்தான் தேடுவா, எனக்குத் தெரியும்,” என்று அழுதாள். நானும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். படிப்பை முடித்துவிட்டே வா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நான் அழைப்பேன். எடுப்பாயா, மகள்?

உன் வாப்பா