பட்டு வேகவைத்த தண்ணீர்

ஜூன் 12, வியாழன்

வெயில். சாயப்பட்டறைக்குள் இன்னும் மோசம். கச்சாப் பட்டு இரண்டு அண்டா. சோப்பு, சோடா உப்பு போட்டு வேகவைத்து, பசை நீக்கி, அலசி, காயப்போட்டாயிற்று. அரக்குச் சாயம் நாளைக்கு.

மத்தியானம் தங்கை செல்வி சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் இரண்டு கன்னத்திலும் கறுப்பாக மங்கு. ஃபோனில் வரவழைத்த சீரம் பாட்டிலை நீட்டினாள். சாய டப்பாக்களின் லேபிளைப் படிக்கிறவன் என்பதால் குடும்பத்தின் தோல் நிபுணர் நான்தான். இன்றைய கேள்விகள்: வைட்டமின் சி காலையிலா, சாயங்காலமா? நயாசினமைடு எரியுமா? வெயில் கிரீம் வீட்டுக்குள்ளும் போட வேண்டுமா? தெரிந்ததைச் சொன்னேன்.

"பட்டுப் புரதம்னு போட்டிருக்குதே, அது இன்னாண்ணா?"

"நாம வேகவெச்சு எடுக்கிற பசைதான். பாட்டில்ல ஊத்தினா சீரம், இங்க சாக்கடை. ஒரு அண்டா நிறைய இருக்குது, எடுத்துக்கினு போ."

சிரிக்காமல் சொன்னேன். அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அவளும் சிரிக்கவில்லை.

ஜூன் 14, சனி

மூட்டம். மழை இல்லை. பதினொரு மணிக்கு செல்வியின் வீட்டுக்காரர் முருகனிடமிருந்து ஃபோன். பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நேற்று நான் சாயம் வாங்கப் போயிருந்தபோது பட்டறைக்கு வந்து, அண்டாத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் போயிருக்கிறாள். தண்ணியாக இருக்கிறதென்று அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டிருக்கிறாள். சோடா உப்பும் சேர்ந்துதான் சுண்டும். இன்று காலை குழந்தை தூங்கியதும் பூசிக்கொண்டு ஒரு மணி நேரம். கழுவும்போது இடக்கண்ணிலும் போயிருக்கிறது.

டாக்டரம்மா: "யாரும்மா இத போடச் சொன்னது?"

செல்வி: "ஃபோன்ல பாத்தேன் மேடம்."

கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன், கையில் அவள் செருப்புடன்.

ஜூன் 15, ஞாயிறு

மங்கு இருந்த தோலே இப்போது இல்லை. கண்ணைப் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் சொல்வார்களாம்.

வாங்க வேண்டியது: சொட்டு மருந்து (2 மணி நேரத்துக்கு ஒரு தரம்), பஞ்சு, ஃபிளாஸ்க், குழந்தைக்குப் பால் பவுடர்.

முருகன்: "அந்த ஃபோன ஒடச்சிட்டேன் மச்சான்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் மருந்துச் சீட்டைக் கொடுத்தார். வாங்கப் போனேன்.

ஜூன் 18, புதன்

முருகன் டீ குடிக்கப் போனபோது செல்வி:

"நெஜமாத்தான் சொன்னியாண்ணா, தமாசா?"

"தமாசு."



"சிரிச்சிருக்கலாம்ல."

அப்புறம்: "அவர்கிட்ட சொல்லிடாத. உன்ன பட்டறைக்கே வந்து அடிப்பாரு. பெரிய புள்ளைய யாரு ஸ்கூலுக்கு இட்டுக்கினு போறாங்க?"

நான்தான் என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று செல்வியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கன்னம் ஆறிக்கொண்டு வருகிறது, முன்னைவிடக் கறுப்பாக. இடக்கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. விரல் தெரியவில்லை. இனிமேல் இவ்வளவுதான் என்று டாக்டரம்மா முருகனிடம் சொல்லியிருக்கிறார்.

பார்க்கப் போனேன். முருகன் நாற்காலி போட்டார். காபி.

"இனிமே மூஞ்சில இன்னா போட்டாலும் உங்கள கேட்டுட்டுதான் போடணும்னு சொல்லிட்டேன் மச்சான். படிக்கிறவரு ஒருத்தர் இருக்கும்போது ஃபோன எதுக்குப் பாக்கணும்? நீங்களே சொல்லுங்க."

செல்வி முழுத் தலையையும் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

சரி என்றேன்.