கள்ளுக்கடைப் பாதை

ஜனவரி 8, 1929, செவ்வாய்

விறகு வெட்டப் போன ஃபோலி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அரிவாளோடு திரும்பினான். விறகு இல்லை. அரிவாளில் ஈரம்கூட இல்லை. வாயில் மட்டும் கள் வாசனை. ஊருக்கு முன்னால் "அவர்" என்பேன், இங்கே அவன்தான். கட்டிக்கொண்டவளுக்குத் தன் நோட்டில் இந்தச் சுதந்திரம்கூட இல்லையா?

"மரத்தைப் பாத்து வச்சுட்டேன் ஜிபோடி. நாளைக்கு வெட்டிடுவேன்."

"மரத்தைப் பாத்தியா, யாவாவைப் பாத்தியா?"

களியை வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டுப் பாயில் சாய்ந்தான். கல்யாணமான நாளாக இதே கூத்து. விதவை யாவாவின் கள்ளுக்கடை ஊருக்குக் கிழக்கே, காட்டோரம். ஊர் வழியாகப் போனால் என் அடுப்படியைத் தாண்ட வேண்டும். அதற்குப் பயந்து இவன் தனியாகவே ஒரு பாதை போட்டிருக்கிறான். ஓடைக்கரையில் பெரிய பாதையிலிருந்து பிரியும், ஊரைக் கிழக்கே சுற்றும், கடை வாசலைத் தொடும், அப்புறம் குன்றடியில் மறுபடி பெரிய பாதையோடு சேரும். ஒற்றை ஆள் நடந்து நடந்து விழுந்த தடம். நான் செத்தாலும் அதை மிதிக்க மாட்டேன்.

காலையில் பிரெஞ்சுக்காரனின் காவலர்கள் பறையடித்துவிட்டுப் போனார்கள். மழைக்கு முன் வடக்கே ரயில்பாதை வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டில் ஆள் என்று இருப்பது இவன் ஒருவன்தான். போன தடவை இவன் தம்பி தேத்தே போனான். ஆறு மாதம் என்றார்கள். திரும்பி வந்தது அவன் தொப்பி.

குறட்டை விடுகிறான். விடட்டும்.

ஜனவரி 11, வெள்ளி

பாலிமே சந்தையில் நான் கொண்டுபோன சோள உருண்டை எல்லாம் மதியத்துக்குள் தீர்ந்தது. தெரிந்த பையன் அக்பாலுவைப் பார்த்தேன். இங்கிலீஷ்காரத் துரை ஒருவனுக்குச் சமையல் செய்கிறான். அதனால் இப்போது நடையே வேறு.

"அத்தை, எல்லைக் கல்லு நட ரெண்டு தொரைங்க வராங்க. மேக்க இங்கிலீஷ், கெழக்க பிரெஞ்சு. உங்க ஊர்ப் பக்கம் பாதைதான் எல்லையாம்."

"எந்தப் பாதைடா?"

"ஓடையிலேர்ந்து குன்று வரைக்கும் பாதைன்னுதான் பேச்சு. அவங்க என்ன நடந்தா பாத்தாங்க? எங்கயோ மேசையில உக்காந்து கோடு போட்டாங்க."

பெரிய பாதை ஊருக்கு மேற்கே போகிறது. அதுதான் எல்லை என்றால் நாங்கள் கடைசிவரை பிரெஞ்சுக்காரனுக்குத்தான். இங்கிலீஷ்காரன் ரயில் வேலைக்கு ஆள் பிடிப்பதில்லையாம். அவன் உத்தமன் என்று சொல்லவில்லை. பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளையில் ஜெர்மன்காரன் ராஜாவுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினேன். சண்டை முடிந்ததும் இங்கிலீஷ்காரன் ராஜாவுக்குப் பாடினோம். இப்போது பிரெஞ்சுக் கொடிக்குப் பாட்டு. நான் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. நாடுதான் என்னைத் தாண்டித் தாண்டிப் போகிறது.

வழி முழுக்க ஒரே யோசனை. பாதை, பாதை, பாதை. எல்லாவற்றுக்கும் கிழக்கே எங்களிடம் இன்னொன்று இருக்கிறதே! ஐயோ, அதையா சொல்வது?

ஜனவரி 13, ஞாயிறு

சொல்லித் தொலைத்தேன்.

ஜெபம் முடிந்து ஊரே மரத்தடியில் கூடியிருந்தது. "எங்க வீட்டுக்காரர் கள்ளுக்குப் போற பாதை ஊருக்குக் கெழக்க இருக்கு. எல்லாருமா நடந்து அதைப் பெரிய பாதை ஆக்கிட்டா, ஊரு மேக்க வந்துடும்" என்றேன். சிரித்தார்கள் பாருங்கள், ஊர்த் தலைவர் நாற்காலியிலிருந்து விழாத குறை.

"ஏம்மா, ஒரு குடிகாரன் காலால நாம தப்பிக்கணுமா?" என்றார் உபதேசியார் தியோடர்.

"உங்க ஜெபத்தால தப்பிக்கலாம்னா சொல்லுங்க ஐயா, நான் உக்காந்துக்கறேன்."

ஃபோலி எழுந்து நின்றான். முகத்தில் என்ன பெருமை! "நாலு பேருக்கு உபகாரமா இருக்கட்டும்னுதான் அன்னைக்கே போட்டு வச்சேன்" என்றான். எனக்கு ஜிபோடி, அதாவது பொறுமை, என்று பெயர் வைத்தவர்கள் அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 17, வியாழன்

ஊரே நடக்கிறது. தண்ணீர்க் குடம் அந்தப் பாதையில், விறகு அந்தப் பாதையில், ஆடு அந்தப் பாதையில். தலைவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். "எங்கப்பன் என்னை இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாருடா" என்று போகும்போதும் சொன்னார், வரும்போதும் சொன்னார். உபதேசியார் சிலுவை பிடித்துப் பாட்டோடு ஊர்வலம் விட்டார். கர்த்தரின் வழி கள்ளுக்கடை வாசலில் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பியது. பெரிய பாதையைக் கொத்தி மரவள்ளி நட்டாயிற்று. நடுவில் ஓர் ஆட்டுப்பட்டியும் போட்டாயிற்று.

ஜனவரி 18, வெள்ளி

ஃபோலிக்குக் காலில் கொப்புளம். நடந்ததாலாம்! ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறான்.

ஜனவரி 23, புதன்

இன்று நானும் மிதித்தேன். தலையில் உருண்டைக் கூடையோடு போய் யாவா வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம்.

"உன் புருஷன் இன்னும் பழைய பாக்கி குடுக்கல" என்றாள்.

"எனக்கும்தான் குடுக்கல" என்றேன்.

பொத்துக்கொண்டு சிரித்துவிட்டோம். சண்டைக்காரி என்று நினைத்திருந்தேன். நல்லவளாகத்தான் தெரிகிறாள், இழவு. புருஷனை உள்ளேயே புதைத்த வீட்டைவிட்டு ஊருக்குள் வரமாட்டாளாம். மகன் எலோம், இருபது வயது, பனையேறுகிறவன். என் கூடையை இறக்கி வைக்க ஓடிவந்தான். "அத்தை, உங்க வீட்டுக்காரரு உங்களைத் திட்டிக்கிட்டே குடிப்பாரு, ஆனா பாதிக் கதை உங்க சமையலைப் பத்தித்தான்" என்றான். வீட்டுக்கு வந்து ஃபோலிக்கு மீன் துண்டு ஒன்று கூடுதலாகப் போட்டேன்.

ஒரு சிக்கல். ஃபோலியின் தடம் கடையின் முன்வாசலோடு போகிறது. அப்படியே விட்டால் ஊர் மேற்கே வரும், யாவா வீடு மட்டும் கிழக்கே நின்றுவிடும். அதனால் கடைக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஒரு வளைவு போடுகிறோம். துரைகள் வரும் அன்று கடை மூடியிருக்க வேண்டும். ஃபோலி அவர்களை நிறுத்தாமல் பின்பக்கம் கூட்டிப் போக வேண்டும். இது ஏற்பாடு.

பிப்ரவரி 12, செவ்வாய்

வந்தார்கள். எப்படி எழுதுவது?

இங்கிலீஷ்காரன் நெட்டை, பிரெஞ்சுக்காரன் குட்டை. யார் முன்னால் நடப்பது என்பதிலிருந்தே சண்டை. பின்னால் சிமெண்டு மூட்டை சுமந்த கூலிகள். அக்பாலு நடுவில் நின்று இவன் திட்டை அவனுக்கும் அவன் திட்டை இவனுக்கும் பாதியாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துக் குட்டைக்குச் சந்தேகம். தலைவர் அசரவில்லை: "எங்க தோட்டம். ஆடு சாட்சி." குட்டை மண்டியிட்டு நம் பாதையைத் தடவிப் பார்த்தான். பாறை போல் இறுகிக் கிடந்தது.

"எங்க தாத்தா காலத்துப் பாதை தொரை. தெனமும் இதுலதான் நடப்பாரு" என்றான் ஃபோலி. அவன் தாத்தா பிறவி நொண்டி.

நம்பிவிட்டார்கள்! கடை வரைக்கும் எல்லாம் சரி. கதவு மூடித்தான் இருந்தது. ஆனால் உச்சி வெயில். நெட்டை வாசலில் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு நாக்கை நீட்டினான். யாவா கதவைத் திறந்துவிட்டாள்.

"வேணாம்" என்று கையைக் காட்டினேன்.

"வாசல்ல வந்து நின்னவனுக்குத் தண்ணி குடுக்காம கதவைச் சாத்தினா, உள்ள படுத்திருக்கிற மனுஷன் எழுந்து வந்துடுவாரு" என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். குட்டை பானையைக் காட்டினான். விடிகாலையில் எலோம் இறக்கிய கள், நுரைகூட அடங்கவில்லை. ஒரு சுரைக்குடுவை. இன்னொன்று. காலையிலிருந்து அடித்துக்கொண்டவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். பாடினார்கள். ஃபோலி பின்பக்கத்தைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினான். "இன்னும் பத்தடி தொரை. வாங்க தொரை." குட்டை ஏதோ முனகினான்.

"காலு வரமாட்டேங்குதாம். இங்கயே நட்டுடச் சொல்றாரு" என்றான் அக்பாலு.

வாசலிலேயே சிமெண்டுத் தூணை நட்டார்கள். தூணுக்கு மேற்கே எங்கள் ஊர் முழுக்க. கிழக்கே ஒரு வீடு.

ஊருக்குள் பறை, ஆட்டம். ஃபோலி பிழைத்தான்! நானும் ஆடினேன், பொய் சொல்வானேன்? நடுவில் யாவா நினைவு வந்தது, கால் நின்றுவிட்டது, அவளிடம் போனேன். அவள் தூணில் கோழிக்குஞ்சை ஏற்றி உட்கார வைத்திருந்தாள்.

"விடுடி. ஊரு பொழைச்சுதே. உன் புருஷன் இனிமே கள்ளு குடிக்க வெளிநாடு வரணும்" என்றாள்.

மார்ச் 5, செவ்வாய்

காவலர்களுக்குப் பயந்து எலோம் இப்போது எங்கள் வீட்டில் படுக்கிறான். விடிந்ததும் மரத்துக்குப் போகிறான். "மரத்தை மட்டும் இந்தப் பக்கம் நட்டுட்டா போதும் அத்தை" என்கிறான். ஃபோலியின் குறட்டையை அப்படியே செய்து காட்டுகிறான். ஃபோலிக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஏப்ரல் 17, புதன்

காலையில் காவலர்கள் மூன்று பேர் வந்தார்கள். எலோம் மரத்து மேலே. அவர்கள் அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். இவன் இறங்கவில்லை, அவர்கள் எழவில்லை. பகல் முழுக்க.

நாங்கள் தூணுக்கு இந்தப் பக்கம். ஃபோலி தூண்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்தான். "ஆம்பளையா இருந்தா இங்கிலீஷ் நாட்டுக்கு வாங்கடா!" அவர்களே சிரித்தார்கள். யாவா கள்ளை ஊற்றினாள். இரண்டு பேர் குடித்துச் சாய்ந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. மூன்றாமவன் வடக்கத்தி முஸ்லிம், தொடவில்லை.

"அம்மா, நான் குடிக்கிறதில்ல. எனக்கும் மேல ஆளு இருக்கான்" என்றான். நல்ல குரலில்தான் சொன்னான். அதுதான் கொடுமை.

ஃபோலி தூணைத் தாண்டி ஓடப் பார்த்தான். இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, என்னைக் கூட்டிட்டுப் போகட்டும், அவன் சின்னப் பையன்டி" என்று அழுதான். நான் விடவில்லை. விட்டிருக்க வேண்டுமா? தெரியல. மறுபடி நடந்தாலும் விடமாட்டேன். கடவுளே, என்னை என்ன பண்ணுவ?

"அம்மா, எறங்கட்டுமா?" என்று மேலிருந்து எலோம் கேட்டான். யாவா தூணை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய இறங்கினான். குடுவையைச் சிந்தாமல் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். கையைக் கட்டினார்கள்.

ஏப்ரல் 18

அடுப்பு மூட்டவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மரவள்ளியைப் பிடுங்கியாயிற்று. பட்டியையும் எடுத்தாயிற்று. ஊர் பழையபடி பெரிய பாதையிலேயே நடக்கிறது. அதுதானே வசதி. தலைவர் வீட்டுக்கு இங்கிலீஷ்காரக் கொடி ஒன்று வந்தது. புதுப் பாட்டு உபதேசியாருக்கு இன்னும் பாடமாகவில்லை.

ஃபோலி குடிப்பதில்லை. இறக்க ஆள் இல்லாத கடையில் என்ன இருக்கும்?

செப்டம்பர் 8, ஞாயிறு

மழை விட்டபாடில்லை. எலோம் போய் ஆறு மாதம் ஆக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. தொப்பி எதுவும் வரவில்லை. அதை நல்ல செய்தி என்றே வைத்துக்கொண்டிருக்கிறோம், நானும் யாவாவும். தினமும் அவளுக்கு இரண்டு உருண்டை கொண்டுபோகிறேன். தூணில் நானும் சாய்ந்துகொள்கிறேன், அவளும் சாய்ந்துகொள்கிறாள், ஆளுக்கு ஒரு நாடு.

"பாதையைப் புல்லு மூடிடுச்சுன்னா அவனுக்கு வழி தெரியாதே" என்றாள் போன வாரம். ஃபோலி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்று விறகு வெட்டப் போன ஃபோலி விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினான். விறகு இல்லை. அரிவாள் முழுக்கப் பச்சைப் புல் ஈரம். விறகு எங்கே என்று நான் கேட்கவில்லை.