கதவுக்குப் பின்னால் மாட்டிய கோன்

என்னைச் சாமி என்று கூப்பிட்ட அம்மாவுக்கு,

வீட்டு இன்டர்நெட் சரியாகிவிட்டது, அம்மா. முதலில் உங்களிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பழக்கம் விடவில்லை. நீங்கள் பங்குனியில் போனீர்கள், இப்போது ஆனி முடியப்போகிறது. இனி முகம் அப்படியே நின்றுபோகாமல், குரல் உடையாமல், வீடியோவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாரோடு பேசுவது?

அருள்புரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் கனெக்‌ஷன் கொடுக்க ஒருவர் வந்தார். படுக்கையறை ஜன்னல் வழியாகக் கேபிளை இழுத்து, கதவோரமாக ஹாலுக்குக் கொண்டுபோய் மோடத்தில் சொருகினார். மிச்சக் கேபிளைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கவிதா இரண்டு தடவை அதில் தடுக்கி விழப் பார்த்தாள். எனக்கோ பதினெட்டு வருடமாகத் துணி பின்னுகிற நிட்டிங் மிஷினோடு பிழைப்பு. தொங்குகிற நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கம்பெனியிலிருந்து ஒரு காலி நூல் கோனைக் கொண்டுவந்து, கேபிளை அதில் வரிசை பிசகாமல் இறுக்கிச் சுற்றி, அறைக் கதவிலேயே பின்பக்கம் ஆணி அடித்து மாட்டினேன். உங்களுக்கு வீடியோவில் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா?

“நூலாட்டமே இருக்குது சாமி. உன்ற கைக்கு எதுவும் தப்பாது” என்றீர்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

தினமும் சாயங்காலம் மூலனூரிலிருந்து நீங்கள் கூப்பிடுவீர்கள். “சோறு உண்டாச்சா சாமி?” என்றுதான் ஆரம்பம். ஹாலில் டிவி சத்தம், பிள்ளைகள் சண்டை. உங்களோடு நிம்மதியாகப் பேசலாம் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றுவிடும்.

கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு ஓடி மோடத்தைப் பார்ப்பேன். விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டுப் பச்சையாக நிற்கும். கவிதா பார்க்கிற படம் ஓடும், கம்பெனி ஆட்களோடு ஹாலில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கும். உங்கள் வீடியோ கால் மட்டும்தான் நிற்கிறது. அப்படியானால் கோளாறு யார் பக்கம்? இதற்கு யோசனை வேறு வேண்டுமா என்று இருந்தேன். மிஷினில் துணி ஓட்டை விழுந்தால் ஊசியிலிருந்து நூல் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்க்கிற நான், அம்மா விஷயத்தில் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

உங்கள் சிம்மை மாற்றினேன். போனை மாற்றினேன். அதிலும் சரியாகாமல், “மாடிக்குப் போங்கம்மா, அங்கதான் டவர் கிடைக்கும்” என்றேன். நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, முட்டியை அழுத்திக்கொண்டு ஏறுவீர்கள். அதற்குள் நான் மோடத்தைப் பார்க்கக் கதவைத் திறந்து வெளியே வந்திருப்பேன். நீங்கள் மேலே போய்ச் சேரும்போது படம் பளிச்சென்று வரும். “பாத்தீங்களா, நாஞ்சொன்னேன்ல?” என்பேன். மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவேன். மறுபடி நிற்கும். அந்த மூலைக்குப் போங்க, தொட்டிப் பக்கம் நில்லுங்க, போனை ஆட்டாதீங்க என்று உங்களைப் பம்பரமாகச் சுற்றவிட்டேன்.

“எனக்குத்தான் போனப் புடிக்கத் தெரியலீங் கண்ணு” என்று நீங்களே சொல்லத் தொடங்கினீர்கள். அதற்குள் நான் ஊரெல்லாம் பரப்பிவிட்டேன், அம்மா போனைப் பிடித்தால் நிலநடுக்கம் என்று. தங்கச்சி சுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

கடைசி நாளும் மாடியில்தான் நின்றீர்கள். மூச்சு வாங்கியது. “சாமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு…” என்றதோடு நின்றுபோனது. எனக்கு அன்றைக்குக் கம்பெனியில் நாள் முழுக்க மிஷின் தகராறு. “சும்மா ஆட்டிட்டே இருந்தா எப்படிங்கம்மா கேக்கும்? நாளைக்குப் பேசிக்கலாம், வைங்க” என்று எரிந்து விழுந்தேன். அது உங்களுக்குக் கேட்டதா? கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது கும்பிடுகிறேன். வீடியோ இல்லாமல் சாதாரணமாக ஒரு கால் போட்டிருக்கலாம். போடவில்லை.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த சரசக்காதான் நீங்கள் அசையாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்ச நாளாவே மூச்சு வாங்குச்சுங்களா?” என்று கேட்டார். “மாடி ஏறுனா வாங்குமுங்க” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அத்தனை நாளும் அது படி ஏறிய களைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் சொல்ல வந்தது அதைத்தானா? இல்லை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்கிற விஷயமா? எதுவாக இருந்தாலும் எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

போன வாரம்தான் குட்டு உடைந்தது. வீட்டிலிருந்தே, துணி வாங்குகிற பையரோடு ஒரு மீட்டிங். கவிதா மிக்ஸி போட்டாள் என்று முதல் தடவையாகக் கம்பெனிக் காலுக்கு அறைக் கதவைச் சாத்தினேன். நின்றுபோனது. கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார், என் வயதுதான் இருக்கும். மோடத்தைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், பிறகு கேபிள் போகிற வழியே விரலை ஓட்டிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் நின்றார். கதவைச் சாத்தினார். கோன் சரிந்து கேபிள் சுண்டி இழுபட்டது. ஹாலில் சிவப்பு விளக்கு. திறந்தார். பச்சை.

“யாரு சார் இத இம்புட்டு இறுக்கிச் சுத்துனது? நூலுன்னு நெனச்சீகளா? உள்ள கண்ணாடி சார். அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. இப்படி மடக்கி இழுத்தா வெளிச்சம் வெளிய போயிரும்லா.”

கவிதா என்னைப் பார்த்தாள். “நாந்தாங்க” என்றேன்.

“வீடியோ கால்லாம் நின்னு நின்னு போயிருக்குமே?” என்று கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கேபிளைப் பெரிய வளையமாகச் சுவரில் கட்டி, காலிக் கோனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூலனூர் வந்தேன். மாடிப்படி பதினேழு. நான் ஏறி இறங்கியதற்கே மூச்சு இளைத்தது. பிறகு சமையலறையில் கேஸ் அடுப்புப் பக்கத்தில் உங்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, உங்கள் போனுக்கு ரீசார்ஜ் செய்து, அதிலிருந்தே கவிதாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது.

“ஏனுங்க, பேசுங்க. நல்லாத்தான கேக்குது” என்றாள்.

நீங்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை, அம்மா. ஒரு நாள்கூட.

ஆடி அமாவாசைக்கு எல்லோரும் உங்கள் வீட்டில் கூடுகிறோம். படையலுக்கு இலை போடும்போது சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே நிலநடுக்கக் கதையை எடுப்பாள். காரியம் நடந்த அன்றைக்கும் எடுத்தாள், எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். இந்தத் தடவை சிரிக்க விடமாட்டேன். அந்தக் கோனை எடுத்துவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, அத்தனை பேரும் கேட்கச் சொல்வேன். அம்மாவின் கை ஆடவே இல்லை, கோளாறு என் வீட்டுக் கதவில் இருந்தது, சுற்றியவன் நான் என்று. சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்கிற நம்பிக்கையெல்லாம் இல்லை. ஆனாலும் சொல்வேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்களைப் பதினேழு படி ஏறவைத்த மகன்,
செந்தில்