இடது பக்கத்து ஆக்ஸில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள், தெருவே கேட்கிறது. பட்டறையிலிருந்து நானே இரண்டு தடவை தனியாகக் கூப்பிட்டேன், நீ எடுத்ததும் குழந்தைக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் வரவில்லை. கூரியர்காரர் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும் என்று சத்தியம் செய்கிறார். உன் தங்கையும் மாப்பிள்ளையும் புறப்படுவது வியாழக்கிழமை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

மாப்பிள்ளை அந்தப் பழைய காருக்குப் பெரிய என்ஜின் மாற்றினார் அல்லவா, "போடுங்க மாப்பிள்ளை, சூப்பரா இருக்கும்" என்று அவரை உசுப்பேற்றிவிட்டதே நீதான், அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. என்ஜின் இரண்டு மடங்கு வலுவாகிவிட்டது, பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில் மட்டும் அதே பழையது. என்ஜினின் இழுப்பு முழுவதும் கடைசியில் இரண்டு பக்கத்துத் தண்டுகள் மேல்தான் வந்து விழும். அந்த வண்டியில் சக்கரம் நிற்பதும் அந்தத் தண்டின் நுனியில்தான். தண்டு போனால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. முதல் நாளே சொன்னேன், "பாத்துக்கலாம் மாமா" என்றார். இரண்டாவது மாதம் நம் பட்டறை வாசலிலேயே ஒரு மிதி மிதித்தார், இடது பக்கத்துத் தண்டு படாரென்று ஒடிந்தது. நல்லவேளை, வண்டி நின்ற இடத்தில் நின்றது. அன்றைக்கு அவர் சிநேகிதர்கள் நான்கு பேர் கூட இருந்தார்கள். அவர்கள் முன்னால், "மாமா நினைச்சா இதை ஒட்டிக் குடுத்துடுவார்" என்றார். ஒட்டிய ஆக்ஸில் நிற்காது என்று தொழில் பழகின முதல் வாரத்திலேயே எவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் மாப்பிள்ளை நாலு பேர் எதிரில் வாய் திறந்து கேட்டுவிட்டார், உன் அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும். வெல்டு வைத்தேன். வைத்ததோடு விட்டேனா, லேத்தில் ஏற்றி ஒட்டு தெரியாமல் வழவழவென்று கடைந்தும் கொடுத்தேன். இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் "எங்க மாமா புதுசாவே செஞ்சு குடுத்துட்டார்" என்கிறார். நானும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன், பெருமையாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அந்த ஒட்டை நம்பி விட முடியவில்லை. பழைய இரும்புக் கடையில் மூன்று நாள் சுற்றினேன். ஒரு ஜீப் ஆக்ஸில் கிடைத்தது, நல்ல கனம், ஆனால் பல்சக்கரங்கள் இருக்கும் நடுக்குடம் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது, இந்த வண்டிக்குக் கோணலாகப் போகும். வேன் ஆக்ஸில் ஒன்று கிடைத்தது, குடம் நடுவில், தண்டு பழையதைவிட ஒன்றரை மடங்கு பருமன், அகலம்தான் பக்கத்துக்கு மூன்று விரல் அதிகம். தண்டுகளை மூடியிருக்கும் ஹவுசிங்கை வெட்டிக் குறைத்து, கோணல் பார்த்து, அளவுக்குப் புதுத் தண்டே வரவழைத்துப் பூட்டி வைத்திருக்கிறேன். வண்டியை ஒரு நாள் பட்டறையில் விட்டால் போதும், மாற்றிவிடுவேன். மாப்பிள்ளை வந்து பார்த்தார். "லாரி மாதிரி இருக்கு மாமா" என்று சிரித்தார். பட்டறை மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவந்தார். சாக்குச் சொல்லி இடது தண்டைக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தடவி வைத்தேன். விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் கசிந்து பொடியில் காட்டும். காட்டியது. ஒட்டின இடத்தைச் சுற்றி முக்கால் வட்டம், மயிரளவு ஈரக் கோடு. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன், இது புதுசு இல்லை, ஒட்டுதான், விட்டுக்கொண்டிருக்கிறது என்று உடைத்தே சொன்னேன். அவர் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பொடி போயிற்று, கோடும் போயிற்று. "பாருங்க மாமா, அழுக்கு. உங்க கை வேலை ஆயுசுக்கும் நிக்கும்" என்றார். உன் தங்கை பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பாவுக்கு இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தாள். உன் அம்மா, மாப்பிள்ளைக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தாள். நானே திரும்பப் பூட்டினேன். இந்தக் கையால்தான் நட்டை முறுக்கினேன். வண்டி அவர் வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் போய் மறுபடியும் சொன்னேன், காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை அவர் அக்கா வீட்டுக்கு மலைப்பாதையில் போகிறார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. உன் தங்கைக்கு ஆறு மாதம். அவள் உட்காருவதும் இடது பக்கம்தான்.

நீ கூப்பிட்டால் மாப்பிள்ளை கேட்பார், மச்சான் படித்தவர் என்று உன்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆக்ஸில், விரிசல் என்று ஆரம்பிக்காதே, அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கிறது. அவர் நம்புவது ஆக்ஸிலை அல்ல, என்னை. அதை உடைக்க வேண்டும். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது, வேலை கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகிறது, வீட்டில் மறைக்கிறார்கள் என்று சொல். நாற்பது வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, நீ சொல். உன் தங்கையிடமும் சொல். அந்த வண்டியில் அவர்கள் ஏறாமல் இருந்தால் போதும். அவர்கள் வந்து கேட்டால் நானும் ஆமாம் என்பேன்.

குழந்தையைக் குளிரில் வெளியே கூட்டிப் போகாதே. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். படித்ததும் கடிகாரத்தைப் பார்க்காதே, இங்கே என்ன நேரமாக இருந்தாலும் உடனே கூப்பிடு. என்னை அல்ல, அவரை.

இப்படிக்கு,
உன் அப்பா