பேனாப் பூசையில் நீங்கள் சொன்ன சொல்

சார்,

நேற்று தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பூசை. சாம்பிராணிப் புகையோடு, பிள்ளைகள் நெற்றியில் தேய்த்திருந்த தலைவலித் தைலத்தின் வாடையும் கலந்து வந்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. என் வயிற்றுக்கு இன்னும் செய்தி போகவில்லை போலும்.

அப்போதெல்லாம் பிள்ளைகளின் பேனாக்களைப் பூசைத் தட்டில் அடுக்கும் வேலை உங்களுடையது. தேறிவிடுவார்கள் என்று நீங்கள் முடிவுகட்டியவர்களின் பேனா சரஸ்வதி படத்தின் காலடியில் இருக்கும். மற்றவர்களுடையது தட்டின் ஓரத்தில். பெற்றவர்கள் எட்டிப் பார்த்துத் தங்கள் பிள்ளையின் விதியைத் தெரிந்துகொள்வார்கள். தோட்டத்தில் காசு வாங்காமல் டியூஷன் எடுத்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால், ஏன் இப்படி என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

என் முறை வந்தபோது கை நடுங்கிப் பேனா கீழே விழுந்தது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறும் இறங்கவில்லை. "ஏன் லா இப்படி நடுங்குற? இது பேனா புடிக்கிற கை இல்ல. ஒங்கம்மா மாதிரி கொழுந்து பறிக்கிற கை" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பக்கத்தில்தான் நின்றார். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்தவர்களை மறந்துவிட்டேன். அம்மாவின் அந்த முகத்துக்காக உங்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மறுவாரம் கணிதத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு மறுபடி எழுதினேன். மலைக் குளிரில் விறைத்து நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துச் சூடேற்றி, மூச்சை நீளமாக விட்டு, தெரிந்த கேள்வியை முதலில் எழுதும் வழியை நானே கண்டுபிடித்தேன். இன்று ரிங்லெட் ஊரில் பள்ளி ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று இதைச் சொல்ல எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

நேற்று உங்கள் பேத்தி பேனாவைத் தட்டில் வைக்காமல் நின்றாள். கை உதறியது. "நான் எழுதப் போகல டீச்சர். நடுங்குற கை எழுதாதுன்னு தாத்தா சொல்லிட்டே இருப்பாரு."

பக்கத்தில் உங்கள் மருமகள். கோயில் நிறைய சனம். நீங்கள் என்னிடம் சொன்ன அதே வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்வானேன், இனித்தது. ஆனால் அவளைக் குத்தினால் உங்களுக்கு வலிக்காது. உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஒங்க தாத்தா சொன்னது தப்பு" என்றேன், கடைசி வரிசைவரை கேட்கும்படி. "பயப்படுறவங்க எல்லாம் மக்குன்னு நெனச்சிட்டாரு. இந்தா பாரு, என் கை இப்பவும் நடுங்குது. இத வச்சிதான் எழுதினேன்."

"செத்தவங்கள இப்படிப் பேசலாமா டீச்சர்? கோயில்ல வேற" என்றார் மருமகள்.

"உயிரோட இருந்தப்ப யாரு பேச விட்டா அக்கா?"

உங்கள் பேத்தியைத் தரையில் உட்காரவைத்து, கையைச் சூடேற்றி மூச்சு விடக் கற்றுக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து பேனாவைத் தட்டின் நடுவில் வைத்தாள். நாளை எழுதப் போகிறாள்.

கோபத்தை இறக்கி வை என்கிறார்கள். மாட்டேன், சார். பிள்ளைகள் நடுங்கும்போதெல்லாம் எனக்கு அது வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்னது தப்பு என்று இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையே நம்புகிறாள். அதைப் பார்க்க நீங்கள் உயிரோடு இல்லையே என்பதுதான் என் வருத்தம்.