புது லொறி இளகிய நாட்கள்

மார்ச் 3, திங்கள்

காலையில் மழை, இடையில் பனித்தூறல். புது லொறி வந்துவிட்டது. வெள்ளை. உள்ளே இன்னும் பிளாஸ்டிக் மணம். இருக்கை உறையை நான்தான் கழற்றினேன். காலை ஓட்டம் எனக்கு, பின்னேர ஓட்டம் அன்ரனுக்கு. பழைய லொறியிலும் இப்படித்தான், ஒரே இருக்கை இரண்டு பேருக்கு. அவன் நெட்டையன். ஒவ்வொரு நாளும் நான் இருக்கையை முன்னுக்கு இழுப்பதும் அவன் பின்னுக்குத் தள்ளுவதும்.

லொறியைக் கொண்டுவந்த மெக்கானிக் விளக்கினான். எஞ்சினுக்குள் எல்லாம் இறுக்கமாம், ஓடி உரசித்தான் இளகுமாம். முதல் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு முழுதாக மிதிக்கக் கூடாது. கியரும் ஓட்டுகிறவனின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுமாம். "அதுவரை மந்தமாக இருக்கும். பொறுமை."

மந்தம்தான். காஸை, வேக மிதியை, மிதித்தால் ஒன்றும் இல்லை. இன்னும் மிதித்தால் திடீரென்று ஓர் இழுப்பு. இரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

மனைவி ராணியிடம் சொன்னேன். "புதுசெண்டா அப்பிடித்தான். புதுச் செருப்புக் கடிக்கிறேல்லையோ?"

எப்படி இளகுகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். முப்பது வருட ஓட்டத்தில் கிடைத்த முதல் புது லொறி.

மார்ச் 5, புதன்

குளிர், வெயில். கெல்சென்கிர்ச்சனிலிருந்து வுப்பர்டால். முழுக்கத் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், நல்ல பாரம். வுப்பர்டால் ஏற்றத்தில் காஸ் பிடிக்கவே இல்லை. பின்னால் கார்க்காரன் ஹோர்ன். கையைக் காட்டினேன், போடா என்று.

சிக்னலில் புறப்படும்போது இரண்டு தடவை துள்ளியது. பெட்டிகள் சரிந்த சத்தம். இறக்கும் இடத்தில் போத்தல் நாலைந்து உடைந்து கிடந்தது. சூப்பர்மார்க்கற் கிழவன் முகத்தைச் சுளித்தான். லொறி புதுசு என்றேன்.

வாங்க: குரக்கன் மா, சலரோகக் குளிசை (சர்க்கரை வருத்தத்துக்கு, முடியப் போகிறது), தடித்த காலுறை. வலது கால் எப்போதும் குளிர்ந்து கிடக்கிறது. ஹீற்றரைக் காலுக்குத் திருப்பியும் சூடு தெரியவில்லை. அதுவும் புதுசு, அதுவும் மந்தமாக்கும்.

மார்ச் 7, வெள்ளி

வானம் மப்பு. லொறி மாற்றும்போது அன்ரன் நேரத்துக்கே வந்து நின்றான். பிளாஸ்கில் பிளேன்ரீ, எனக்கும் ஒரு கோப்பை. மன்னார்க்காரன். என்னை விடப் பத்து வயதுக்கு மேல் இளமை. இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான். சேர்த்துவிட்ட நாளிலிருந்து அண்ணை என்ற சொல் மாறியதில்லை.

"அண்ணை, லொறி நல்லா இளகீற்றுது என்ன?"

"எங்க இளகினது? இன்னும் மிதிச்சாப் பிறகு யோசிச்சுத்தான் போகுது."

"இல்லை அண்ணை. திங்கக்கிழமை அப்பிடித்தான் இருந்தது. இப்ப பெருவிரலால தொட்டாலே பாயுது. நேற்று நானே பயந்து போனன்."

சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. ஒரே லொறி. ஒரே மிதி. கியர் அவனுடைய பழக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது போல, என்னுடையதை அல்ல. இல்லை, சப்பாத்துத்தான் காரணம். கம்பனி தந்த புதுப் பாதுகாப்புச் சப்பாத்து, அடி ஒரு விரல் தடிப்பு.

மார்ச் 9, ஞாயிறு

மழை. ஆட்டிறைச்சி. மகள் டிரெஸ்டனிலிருந்து போன் எடுத்தாள், பரீட்சை முடிந்ததாம்.

பின்னேரம் ராணி உடுப்புத் தோய்க்கும் அறையிலிருந்து கூப்பிட்டா. கையில் என் வெள்ளிக்கிழமைக் காலுறை. அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த இரத்தம். பிறகு சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினா. ஒரு ஸ்குரூ ஆணி விழுந்தது. சின்னது, கூர். லொறிக்குள் ஏதோ பூட்டும்போது விழுந்தது என் சப்பாத்துக்குள் போயிருக்க வேண்டும்.

"காலைக் காட்டுங்கோ."

பாதத்தின் நடுவில் ஓட்டை. சுற்றிவரச் சிவப்பு. அவ விரலால் அமத்தினா.

"நோகேல்லையோ?"

"இல்லை."

"இப்ப?"

"இப்ப அமத்துறீரோ?"

ராணி நிலத்திலேயே இருந்துவிட்டா. வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த ஆணியின் மேல் நின்றிருக்கிறேன், நடந்திருக்கிறேன், மிதித்திருக்கிறேன்.

"டொக்டரிட்டப் போகாமல் சாட்டுச் சொல்லுவீங்கள் எண்டு தெரியும். நானே போன் பண்ணி நாள் கேட்டு டெர்மின் எடுக்கிறன்."

மார்ச் 12, புதன்

டொக்டரோடு டெர்மின், வேலை முடிந்த பிறகு. டொக்டர் இளம் பெண். காயத்தைக் கழுவிக் கட்டினாள். பிறகு இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அது நடுங்கும்போது என் மணிக்கட்டில் வைத்தாள். இலையான் பறந்து இரைவது போலத் தெரிந்தது. முழங்காலில் கொஞ்சம். கணுக்காலில் இல்லை. கண்ணை மூடச் சொன்னாள். பெருவிரலில் வைக்கும்போது சொல்லுங்கள் என்றாள். காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது கவை மேசையில் கிடந்தது.

"வைத்துவிட்டு எடுத்தும் விட்டேன்" என்றாள்.

சலரோகம் நரம்பைத் தின்றுவிட்டதாம். வலது கால் மோசம், இடதும் தொடங்கிவிட்டதாம். என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்றிலிருந்து ஓட்டக் கூடாது. நரம்பு டொக்டர் பார்க்கும்வரை கார் கூட வேண்டாம். விளங்கியதா?"

விளங்கியது என்றேன். வேலைக்குப் போக முடியாது என்ற மருத்துவச் சீட்டையும் தந்தாள். மடித்துப் பேர்ஸுக்குள்.

ராணி: "என்னவாம்?"

"காயத்துக்கு மருந்து போட்டவ. கிழமை முடிய ஆறீடுமாம்."

ஓட்டாமல் நான் என்ன? இந்த நாட்டில் எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வரை ஓடிவிட்டு முதலாளியிடம் சொல்லலாம். இரண்டு நாள்தானே.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

காலையில் வெயில். இன்று லொறியைக் காதால் கவனித்தேன், காலால் அல்ல. எஞ்சின் உடனே உறுமுகிறது. மிதித்த கணமே. அன்ரன் சொன்னது சரி. எப்போதோ இளகிவிட்டது. நான்தான் எதுவும் வரவில்லை என்று நினைத்து மேலும் மேலும் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வுப்பர்டால் வளைவுகளில் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்து ஓட்டினேன். கடவுளே, பாதையைப் பார்க்காமல் காலைப் பார்த்து.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஓரங்கட்டி, போன் எடுத்து, முடியாது என்று.

மத்தியானம் யார்டுக்குத் திரும்பினேன். லொறியைச் சரக்கு மேடையை நோக்கிப் பின்னுக்கு எடுக்க வேண்டும். அன்ரன் வந்திருந்தான், மேடையின் மூலையில் நின்று வலது கையால் வா வா என்று காட்டினான். இடது கை மேடை விளிம்பில். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, ஏதோ சொல்லிச் சிரித்தான். நில் என்று கை காட்டினான். பிரேக்கை மிதித்தேன்.

பிரேக் இல்லை அது.

சத்தம். பிறகு அவனுடைய சத்தம்.

லொறியை முன்னுக்கு எடுத்தேன், எப்படி எடுத்தேன் தெரியாது. இறங்கி ஓடினேன். அன்ரன் நிலத்தில் இருந்தான், கையை நெஞ்சோடு அணைத்தபடி. என் ஜக்கற்றைக் கழற்றிச் சுற்றினேன். "அம்மா, அம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி கந்தோர் அறைக்குள்ளிருந்து ஓடிவந்தார். அம்புலன்ஸ்.

பொலிஸ் வந்து கேட்டது. முதலாளி எனக்கு முன்பே சொன்னார்: "இவர் எங்களுடைய மிகப் பழைய ஓட்டுநர். லொறி புதுசு. தானாகப் பாய்ந்தது, ஜன்னலால் பார்த்தேன்."

நான் வாய் திறக்கவில்லை. லொறியைப் பூட்டி வைத்துவிட்டார்கள், சோதிக்க.

மார்ச் 14, வெள்ளி

விடியக்காலையே ராணியிடம் எல்லாம் சொன்னேன். கத்தவில்லை. "போய்ச் சொல்லுங்கோ. முதல் அன்ரனுக்கு" என்று மட்டும். சாப்பாடு தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஆஸ்பத்திரி. இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம், மூன்றாவது தப்புமா தெரியாது. கட்டுப் போட்ட கை தலையணை மேல். அவன் மனைவி றெஜினா பக்கத்தில், கண் வீங்கி. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தா.

அன்ரன்தான் முதலில் பேசினான். "அண்ணை, நீங்கள் யோசியாதேங்கோ. நான் அண்டைக்கே சொன்னனான்தானே, தொட்டாலே பாயுது எண்டு. லொறியிலதான் பிழை. பொலிசுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"லொறியில பிழை இல்லை அன்ரன்."

"என்ன?"

"என்ர காலுக்கு உணர்ச்சி இல்லை. பிரேக் எண்டு நினைச்சுக் காஸை மிதிச்சிட்டன்."

றெஜினாதான் கேட்டா. "உங்களுக்கு அது முதலே தெரியுமோ?"

"ஓம். முந்தின நாள் டொக்டர் சொன்னவ. ஓடக் கூடாது எண்டு."

அன்ரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் கோணியது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

"போங்கோ அண்ணை."

"அன்ரன்..."

"ஏலாது அண்ணை. இப்ப உங்களைப் பாக்க ஏலாது. போங்கோ."

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பொலிஸ். பிறகு முதலாளி. மருத்துவச் சீட்டை மேசையில் வைத்தேன். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தந்திருந்த இரண்டாவது லொறிச் சாவியைக் கேட்டு வாங்கவில்லை. நானே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மழை. பழக்கத்தில் இருட்டோடு எழும்பி, உடுத்து, கதவடிவரை போனேன். ராணி கூப்பிடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றா.

லொறியைச் சோதித்துவிட்டார்களாம். எந்தப் பழுதும் இல்லை. வேறு ஆள் ஓட்டுகிறான். பொலிஸிலிருந்து கடிதம் வருமாம். லைசன்ஸ் இனி இல்லை என்றே நினைக்க வேண்டும்.

நரம்பு டொக்டருக்கு டெர்மின் அடுத்த மாதம். போவதா என்று இருக்கிறது. எதற்கு?

மத்தியானம் போன். றெஜினா.

"அண்ணை, மூண்டாவது விரலையும் எடுத்திட்டினம்."

போனை அன்ரனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அவர் உங்களோட கதைக்கமாட்டாராம். இனிமேல் வரவும் வேண்டாமாம்." போனை வைக்கவில்லை. "ஆனா காலைக் கவனிக்கட்டாம். விட்டா வெட்டத்தான் வேணும், டொக்டரிட்டப் போய்க் காட்டட்டாம் எண்டு சொல்லச் சொன்னவர்."

வைத்துவிட்டா.