கைராசிக்காரி

ஜனவரி 9

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய். முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கின்றன. லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம். என் ஆய்வுக்கூடம் நான்காவது மாடியில். ஏறி முடிப்பதற்குள் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது.

விருது விழா ஏப்ரலில் என்று முடிவாகிவிட்டது. "உலோக வினையூக்கியே இல்லாமல் இரண்டு கரிம வளையங்களை இணைத்துக் காட்டிய பேராசிரியர்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள், ஏதோ கல்யாணத் தரகர் மாதிரி. நீ முதல் வரிசையில் உட்கார வேண்டும். சாக்குப்போக்குச் சொன்னாயோ, தொலைந்தாய்.

இப்போது ஒரு தொல்லை. என் புது ஆராய்ச்சி மாணவி அதே வினையை ஆறு தடவை செய்தாள். ஒரு தடவைகூட வரவில்லை. நான் போய்ச் செய்தேன், வந்தது. வழக்கம்போல எல்லோரும் "மேடம் கைராசியே தனி" என்றார்கள். அவள் மட்டும் கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். "உனக்குக் கை சரியில்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து உன் முதுகு ஞாபகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் சாருடைய ஆய்வுக்கூடத்தில் நீயும் இப்படித்தான் நின்றாய்.

அதனால் கேட்கிறேன். அன்றைக்கு இதே வினை உனக்கு வராமல் போனபோது என்னென்ன சாமான் வைத்துச் செய்தாய்? ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுது. போன் வேண்டாம். போனில் நாம் ஊர்க்கதை பேசியே பொழுதை ஓட்டிவிடுவோம்.

உன்
குட்டை


ஜனவரி 17

அன்புள்ள குட்டைக்கு,

முழங்காலைக் கவனி. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினால் போதாதா? பேராசிரியர் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்து அதட்டுகிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இங்கே அதே குடிநீர்ப் பரிசோதனைக் கூடம், அதே குளோரின் நாற்றம். ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை சோதிக்கிறேன் என்று எனக்கு 'மூணுதரம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். நான் ஏழு மணிக்கு, காவலாளி முணுமுணுக்க முணுமுணுக்க வெளியே வருவேன். "தண்ணிதானேம்மா, வெஷமா? இன்னும் எத்தன தரம்?" என்பார். என்ன செய்ய, இது தப்புச் செய்கிற கை. இதை நம்பி ஒரு ஊரே தண்ணீர் குடிக்கிறது. வீட்டிலும் இதே கூத்துதான். குழம்பில் உப்புப் போட்டேனா என்று நாலு தடவை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

நீ கேட்டது. பதினான்கு தடவை செய்தேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மறந்தால்தானே. குடுவைகள் புதிது. குடுவைக்குள் கிடந்து சுற்றிச் சுற்றிக் கலக்குமே, 'மாத்திரை' என்று நாம் கூப்பிடுகிற காந்தத் துண்டு, அதுவும் புதிது. பொதுப் பெட்டியில் கறுத்துப்போய்க் கிடந்ததைத் தொடவே எனக்கு அருவருப்பு. "மகாராணிக்குத் தனி மாத்திரையா" என்று நீ கிண்டல் பண்ணுவாய். நீயோ ஓரம் கீறல் விழுந்த ஒரு பழைய மாத்திரையை ராசி என்று தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய்.

இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறாய்? "இந்தக் கைய வெச்சுக்கிட்டு கெமிஸ்ட்ரி பண்ணாதம்மா" என்று சார் சொன்னார், நான் வந்துவிட்டேன். அவ்வளவுதான் கதை. ஏப்ரலுக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. முதல் வரிசைதான்.

உன்
நெட்டை


பிப்ரவரி 20

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தேன். எத்தனையோ தீப்பெட்டி மாறிவிட்டது, மாத்திரை மாறவில்லை. இந்த வினையை ஒரு தடவைகூட அதைப் போடாமல் நான் செய்ததில்லை. வேறு யாரிடமும் அதைக் கொடுத்ததும் இல்லை. என் ராசியாயிற்றே!

புது மாத்திரை போட்டு நானே செய்தேன். வரவில்லை. ராசி மாத்திரை போட்டேன். வந்தது. அதைக் கடும் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவிவிட்டு மறுபடி போட்டேன். வரவில்லை. கழுவிய அமிலத்தைச் சோதித்தால் பல்லேடியம் உலோகம் இருக்கிறது. நமக்கு முன்னால் யாரோ பல்லேடியம் வைத்து வேலை செய்த மாத்திரை அது. கீறலுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வினையூக்கி தான் செலவாகாமல் வினையை நடத்தும் என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். உலோகம் வரும், ஒரு வளையத்தைப் பிடிக்கும், இன்னொன்றைப் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துவிட்டுப் பழையபடி அடுத்த ஜோடியைத் தேடிப் போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு இருந்தாலே போதும். உலோகமே இல்லாமல் வினை இப்படித்தான் நடக்கிறது என்று பக்கம் பக்கமாக அம்புக்குறி போட்டு எழுதினேனே, அத்தனையும் தப்பு. மற்ற ஊர்களில் சிலருக்கு வந்தது, அவர்கள் மாத்திரையிலும் இப்படி ஒட்டியிருந்திருக்கும். பலருக்கு வரவில்லை. வந்தவர்களை மட்டும் நான் எண்ணிக்கொண்டேன்.

நெட்டை, பதினான்கு தடவையும் நீ செய்ததுதான் சரி. உன் கை சுத்தமான கை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இது வராது என்று முதலில் கண்டவள் நீதான் என்று உன் பெயரையும் அதில் சேர்த்திருக்கிறேன். விருதை ரத்து செய்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார் அவராக உன்னைப் போகச் சொல்லவில்லை. "அவளுக்கு ஏன் வரல? கோளாறு நம்ம வினையிலயா, அவ கையிலயா?" என்று என்னைக் கேட்டார். "அவளுக்குக் கை நடுங்குது சார், எடை போடும்போதே சிந்துறா" என்றேன். நீ சிந்தி நான் பார்த்ததே கிடையாது. கட்டுரை போக வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு. அடுத்த வாரம் சனிக்கிழமை நேரில் வரட்டுமா?

குட்டை


மார்ச் 6

அன்புள்ள நெட்டைக்கு,

பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை போயிற்று, நாளைக்கு அடுத்தது. திட்டியாவது நாலு வரி எழுதடி. லிஃப்ட் சரியாகிவிட்டது. மேலே போய் உட்கார்ந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குட்டை


மார்ச் 15

குட்டைக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பிப்ரவரிக் கடிதத்தை என் கண்ணை நம்பாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். மறுபடி, மறுபடி என்று மூன்று தடவை. மூன்றாவது தடவை முடித்ததும் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார். "உன் கை நல்ல கைதான்னு நான் எத்தன வருஷமா சொல்றேன்" என்றார். அவர் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. உன் எழுத்தில் வந்த பிறகுதான் ஏறியது. அதற்கும் சேர்த்து உன்மேல் எரிச்சல் வருகிறது.

இத்தனை வருஷத்தில் உன்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. தப்பு தன் கையில் என்று நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு யார்மேல் கோபம் வரும்? இப்போது வருகிறது. உட்கார்ந்தால் வருகிறது, பாத்திரம் தேய்த்தால் வருகிறது. மாத்திரை விஷயம் உனக்கும் தெரியாது, அதை விட்டுவிட்டேன். 'சிந்துறா' என்றாயே, அது தெரிந்தே சொன்னது. அதை என்னால் விட முடியவில்லை.

அதனால் வராதே. கடிதமும் போடாதே. நானாக எழுதினால் உண்டு. எழுதுவேனா, எனக்கே தெரியாது.

பத்திரிகைக்கு அனுப்பியதில் என் பெயர் இருக்கட்டும், எடுத்துவிடாதே. அந்த மாணவியைக் கூப்பிட்டு, "உன் கைமேல தப்பில்லம்மா" என்று சொல்லிவிட்டாயா? எல்லோர் முன்னாலும் சொல். இல்லையென்றால் அவளும் வாழ்நாள் முழுக்க உப்பை நாலு தடவை பார்ப்பாள்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.

நேற்று ஒன்பது மாதிரிகள் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை சோதித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஐந்து மணிக்கு எல்லோரோடும் வெளியே வந்தேன். காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, கைகால் எதுவும் முடியலையா?" என்று கேட்டார்.

"என் கைக்கு ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

நெட்டை